வளையாத முதுகு

மனித குலம் தோன்றிய நாள் முதல் எவர் முன்னாலும் குனியாத ஒரே முதுகு, திருத்தணியில் இரண்டாம் ஆண்டு பொருளாதாரம் படிக்கும் ராஜீவின் முதுகு. இதை அவனே அறிவித்தான். மலைமேல் இருக்கும் முருகனைக்கூட நிமிர்ந்து நின்றுதான் கும்பிடுவான். முருகன் இதுவரை புகார் எதுவும் சொன்னதில்லை.

பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு மாடியில் இயங்கும் பௌத்த நற்பணி மன்றத்தில் அவன் சேர்ந்ததற்குக் காரணம், அங்கே ஞாயிற்றுக்கிழமை போடும் பொங்கல். மன்றத்தில் ஒரு வழக்கம் உண்டு. எதைக் கொடுத்தாலும் இரண்டு கையாலும் கொடுத்து, இடுப்பு வரை குனிந்து, வாங்கிக்கொண்டவருக்கு நன்றி சொல்ல வேண்டும்.

"குடுக்கறவன் நன்றி சொல்றதா? அப்போ வாங்குறவங்க இன்னா சொல்வாங்க? 'பரவால்ல, அடுத்த தபா பார்க்கலாம்'னா?"

மன்றத்தை நடத்தும் தேவயானி அக்கா சிரிக்கவில்லை. "சரி, குனியாத. மூட்டையாச்சும் தூக்கு."

தூக்கினான்.

"இப்ப குனிஞ்சியே?"

"அது வேலை, அக்கா. இது கொள்கை."

கொசஸ்தலை ஆற்று வெள்ளம் வடிந்த மறுநாள், பள்ளிப்பட்டுப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் போர்வை கொடுத்துக்கொண்டே போனார்கள். கடைசி வீடு கௌரியம்மாளுடையது. நிலமும் மாடும் உள்ள வீடுதான். ஆனால் அன்றைக்கு அதில் காய்ந்த துணி ஒன்றுகூட இல்லை. உள்ளே கட்டிலில் அவளுடைய சின்ன மகள் இருமிக்கொண்டிருந்தாள்.

ராஜீவ் ஒற்றைக் கையால் போர்வையை நீட்டினான். "புடிங்கம்மா. ஃப்ரீதான்."

"எங்களுக்கு வேணாம்."

"கொழந்த நடுங்குதேம்மா," என்றார் தேவயானி அக்கா.

"இந்த வூட்ல யாரும் கை நீட்டி வாங்குனதில்லங்க. ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணிக்கு நடந்து போற காவடிங்களுக்கெல்லாம் மோர் ஊத்துறவங்க நாங்க. ஊத்திட்டு நாங்கதான் அவங்களக் கும்பிடுவோம், நம்ம வாசல்ல நின்னு வாங்கிக்கினாங்களேன்னு." ராஜீவை ஏற இறங்கப் பார்த்தாள். "இவன் இன்னாடான்னா நாய்க்குப் பொறை போடுறாப்ல நீட்டிகினு நிக்கிறான்."

கதவு சாத்திக்கொண்டது. இருமல் மட்டும் வெளியே கேட்டது.

"வா, போலாம்," என்றார் அக்கா.

"செருப்பு சேத்துல மாட்டிக்கிச்சுக்கா. நீங்க போய்க்கினு இருங்க."

செருப்புக்கு ஒன்றும் ஆகவில்லை. அக்காவின் தலை தெருமுனையில் மறையும் வரை அதையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு அதைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டுக் கதவைத் தட்டினான். தெருவில் ஓர் எருமை மட்டும் இருந்தது. அது கல்லூரிப் பக்கம் வருவதில்லை.

கதவு கொஞ்சமாகத் திறந்தது. போர்வையை இரண்டு கையிலும் ஏந்தி, இடுப்பு வரை குனிந்தான்.

"வாங்கிக்கங்கம்மா," என்றான், தரையைப் பார்த்து. "நன்றிங்க."

கையிலிருந்த பாரம் மெல்ல எழும்பிப் போனது.

"போதும், நிமிரு நைனா," என்றாள் கௌரியம்மாள். "கொழந்த பாக்குது."

ராஜீவ் இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே நின்றான்.