எட்டாவது பாட்டில்

எங்கள் ஊரில் ஆண் குடித்தால் கவலைப்படுவார்கள். பெண் பாட்டிலைத் தொட்டால் பஞ்சாயத்து வைப்பார்கள். போன ஞாயிறு பூசை முடிந்த கையோடு அந்தப் பஞ்சாயத்து என் வாசலுக்கே வந்தது. முன்னால் வந்தவர் என் கணவரின் அண்ணன் சவுரியப்பன். கையில் கடப்பாரை.

விஷயம் இதுதான். என் கணவர் மதலைமுத்து போய்ச் சேர்ந்து, மழையும் பொய்த்த வருஷத்திலிருந்து நான் கர்நாடக எல்லை தாண்டி ஒரு திராட்சைத் தோட்டத்துக்குப் பழம் பறிக்கப் போகிறேன். தை பிறந்தால் இரண்டு மாதம் அங்கேதான். நாங்கள் பறிக்கும் பழம் ஒயினாகிறது. முதல் வருஷம் ஒரு பாட்டிலைக் கையில் எடுத்துப் பார்த்தேன். இதெல்லாம் பெரிய இடத்துக்குப் போவது, உனக்கெதற்கு என்று மேஸ்திரி பிடுங்கி வைத்தான். சுருக்கென்றது. விரல் வெடிக்க நான் பறித்த பழம் எனக்கெதற்காம்?

அன்றே முடிவு செய்தேன். நான் பழம் பறித்த வருஷம் லேபிளில் அச்சிட்டதாகப் பார்த்து, ஒவ்வொரு வருஷத்துக்கும் ஒரு பாட்டில் வாங்கி வைப்பது. ஏழு சேர்ந்துவிட்டன. எட்டாவது முந்தின நாள்தான் வாங்கி வந்து அரிசிப் பானைக்குள் வைத்திருந்தேன்.

ஒயினுக்கு வெயில் ஆகாது, சூடு ஆகாது. குளிர்ந்த இருட்டில் படுக்க வைக்க வேண்டும். அதற்கு என் ராகிக் குழியை விட்டால் வேறு இடம் ஏது? ஆள் உயரத்துக்கு மேல் ஆழம், மேலே கல் மூடி. அடியில் ராகி, அதன் மேல் வைக்கோல், வைக்கோலில் பாட்டில்கள். போன மாதம் ராகி அள்ள உதவிக்கு வந்த மாதம்மாள் பார்த்துவிட்டாள். அவள் வாயில் எதுவும் தங்காது.

"குடிச்சுக் குடிச்சே செத்தான் என் தம்பி. அவன் வூட்டுலயே பாட்டில் சேக்கறியா? ஒடைச்சுட்டுத்தான் போவேன்" என்று சவுரியப்பன் கல்லைப் புரட்டினார். புரட்டிய வேகத்தில் ஏணியை இறக்கிக் காலையும் வைத்துவிட்டார். நான் சட்டையைப் பிடித்து இழுத்தேன். மூடிக் கிடந்த ராகிக் குழியில் விளக்கு இறக்கிப் பார்க்காமல் இங்கே குழந்தைகூட இறங்காது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு.

பக்கெட்டில் மெழுகுவத்தி ஏற்றிக் கயிற்றில் இறக்கினேன். பாதியிலேயே அணைந்தது. உள்ளே மூச்சு விடக் காற்றில்லை. அவர் முகம் வெளுத்து, புரட்டிய கல்லின் மேலேயே உட்கார்ந்தார்.

காற்று மாற ஒரு மணி நேரம் ஆகும். எனக்கு அது போதும்.

"உங்க தம்பிக்கு மொத கிளாஸ் ஊத்திக் குடுத்தது யாருங்க மாமா? எங்க கல்யாணத்தன்னிக்கு, பந்தலுக்குப் பின்னால. நான் பாத்தேன். அது உங்க பிராந்தி. இது என் ஒழைப்பு."

நன்றாக வலிக்கட்டும் என்றுதான் சொன்னேன். தாலி ஏறிய நாளிலிருந்து நெஞ்சில் கிடந்த பேச்சு அது. வந்திருந்தவர்களில் இரண்டு பேர் செருப்பைத் தேடினார்கள். அவர் மட்டும் கல்லை விட்டு நகரவில்லை.

இரண்டாவது மெழுகுவத்தி அடிவரை போயும் எரிந்தது. அவர் எழுந்தார். நான் கடப்பாரையை வாங்கிச் சுவரோரம் சாய்த்துவிட்டு, பக்கெட்டைப் பாதி உயரத்துக்குத் தூக்கிக் கயிற்றை அவர் கையில் கொடுத்தேன். உள்ளே போய், எல்லோரும் பார்க்கவே எட்டாவது பாட்டிலை எடுத்து வந்து மடியில் செருகிக்கொண்டு ஏணியில் இறங்கினேன்.

ஏழுக்குப் பக்கத்தில் அதைப் படுக்க வைத்தேன். மேலிருந்து அவர் குரல் வந்தது, கடப்பாரை பிடித்தபோது இருந்த குரல் அல்ல.

"எப்பம்மா குடிக்கப் போற?"

"எனக்குத் தோணுறப்ப."

வைக்கோலைச் சரியாக மூட வெளிச்சம் போதவில்லை. விளக்கை இன்னும் கொஞ்சம் இறக்கச் சொன்னேன். இறக்கினார்.