கம்பி நீட்டியவர்கள்

அண்ணன் வந்ததும் வராததுமாக மொட்டைமாடிக்கு ஏறி, அங்கே நீட்டிக்கொண்டிருந்த கம்பிகளைப் பார்த்து முகம் சுளித்தான். ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்கு நினைவுக் கூட்டம். மாடியில்தான் நடத்தியாக வேண்டுமாம். நாற்காலி போட இடைஞ்சல், வருகிறவர்களின் சட்டை மாட்டிக் கிழியும், பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள்.

"எல்லாத்தையும் தளத்தோட ஒட்ட அறுத்துடலாம்," என்றான். தம்பி தலையாட்டினான். அவன் எதற்குத்தான் தலையாட்டவில்லை?

எனக்கு உச்சந்தலை வரை ஏறியது. சாவுக்கு விருந்தாளி மாதிரி வந்துவிட்டுப் போனவர்கள், கூட்டத்துக்கு வீட்டுக்காரர்களாகிவிட்டார்கள்.

இந்தப் பக்கத்துத் தெருக்களில் பாதி வீடுகள் அப்பா கட்டியவை. ஆள் ஒல்லி, குச்சிக்குச் சட்டை மாட்டியது போல இருப்பார். பட்டப் பெயரோ குண்டு மேஸ்திரி. எந்தச் சுவரைக் கண்டாலும் பையிலிருந்து தூக்குக்குண்டை எடுத்துத் தொங்கவிட்டு, நேராக இருக்கிறதா என்று ஒற்றைக் கண்ணால் பார்ப்பார். துக்கம் கேட்கப் போன வீட்டிலும் பார்த்திருக்கிறார். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். வேலை விட்டால் வீடு, வீடு விட்டால் வேலை. எங்களுக்குக் காய்ச்சல் என்றால், சிமெண்ட் அரித்த உள்ளங்கையை வைக்கக் கூசி, புறங்கையால் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார்.

ஊரார் வீட்டையெல்லாம் முடித்துக் கொடுத்தவர் தன் வீட்டை மட்டும் முடிக்கவில்லை. கீழ்த்தளம் போட்டதும், தூண் கம்பிகளை வெட்டாமல் தளத்துக்கு மேலே ஆளுயரத்துக்கு விட்டுவைத்தார். மாடியில் பெரியவனுக்கு ஒரு பக்கம், சின்னவனுக்கு ஒரு பக்கம். பெரியவன் வெளியூருக்குப் படிக்கப் போனான், அங்கேயே வேலை, அங்கேயே குடும்பம். சின்னவனும் அதே வண்டியில் ஏறினான்.

"பையனுங்க ரெண்டு பேரும் கம்பி நீட்டிட்டாங்க போல?" என்று எதிர்வீட்டுக்காரர் ஒருநாள் கேட்டார்.

அப்பா மாடியைக் காட்டிச் சிரித்தார். "அவங்க எங்கங்க நீட்டினாங்க? நான்தான் நீட்டி வச்சிருக்கேன்."

அவருக்கு அது ஜோக். எனக்கு வயிறு எரிந்தது.

வருஷா வருஷம் மழைக்கு முன்னால், துருப்பிடிக்காமல் இருக்க, சிமெண்டைப் பால் போலக் கரைத்துக் கம்பிகளுக்குப் பூசுவார். வேலையிலிருந்து ஓய்ந்து, கை நடுங்கத் தொடங்கிய பிறகு பூசியது நான். அவர் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "அடியில விட்டுட்ட பாரு," என்று மேற்பார்வை பார்ப்பார். நான் அந்த வீட்டை விட்டு எங்கும் போகவில்லை. கீழே ஒரே அறையில் என் தையல் மிஷின், அம்மாவின் கட்டில், அப்பாவின் இருமல் எல்லாம் இடித்துக்கொண்டு கிடந்தன. அதனால் ஒருமுறை பூசும்போது வாய் விட்டே கேட்டேன்.

"அப்பா, மேல ஒரு ரூம் எழுப்பிக்கட்டுமா? தைக்கறதுக்கு."

"அது பசங்களுக்கும்மா. நாளைக்கு வந்து கேட்டா நான் என்ன சொல்லுவேன்?"

"இன்னைக்கு நான் கேக்கறேன். எனக்கு என்ன சொல்லுவீங்க?"

அவர் வாளியைப் பார்த்தார். "இறுகறதுக்குள்ள பூசும்மா," என்றார்.

அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. செத்தவர் மேல் கோபப்படக் கூடாதாம். என் அப்பா, என் கோபம். அதற்கு யாரைக் கேட்க வேண்டும்?

சனிக்கிழமை காலை அண்ணன் சொல்லி, கம்பி மாமா அறுக்கும் மிஷினோடு வந்தார். அப்பாவோடு காலமெல்லாம் கம்பி கட்டியவர். மிஷினைக் கீழே வைத்து, பிளக்கைச் சொருகிவிட்டு முதல் தூண் கம்பியைத் தடவிப் பார்த்தார்.

"அறுத்துட்டா அப்புறம் மேல எழுப்பறது பெரும்பாடு, தம்பி."

"யாரு எழுப்பப் போறா? நாங்க இங்க வரப் போறதே இல்ல."

நான் போய் பிளக்கைப் பிடுங்கினேன். "நான் எழுப்பப் போறேன்."

அண்ணன் சிரித்தான். "இது அப்பா எங்களுக்குன்னு விட்டது."

"ஆமா. அவரு உங்களுக்காக நீட்டினாரு. நீங்க அவருகிட்டேருந்து நீட்டினீங்க. அதான் முடிஞ்சு போச்சே!"

தம்பி பழக்க தோஷத்தில் தலையாட்டிவிட்டு, அண்ணன் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினான். அம்மா படியில் உட்கார்ந்திருந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு அவள் மேலும் ஆத்திரம் வந்தது.

"பந்தல் கால இதுலயே கட்டிடலாம், அசையாது," என்று கம்பி மாமா மிஷினைப் பையில் போட்டார்.

"கூட்டம் முடியட்டும்," என்றான் அண்ணன். "வேற ஆளை வச்சு அறுத்துட்டுத்தான் ஊருக்குப் போவேன்."

ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் நாற்காலியில் அவருடைய படத்தை வைத்திருந்தார்கள். மாடி நிறைய ஆட்கள். அண்ணன் மைக்கைப் பிடித்தான்.

"அப்பா குடும்பத்துக்காகவே வாழ்ந்தாரு. கடைசி மூச்சு வரைக்கும் பிள்ளைங்க, பிள்ளைங்கன்னுதான் இருந்தாரு..."

அதற்கு மேல் என்னால் உட்கார முடியவில்லை. அவன் சொன்னது பொய் என்பதால் அல்ல, நிஜம் என்பதால். கீழே போய் சிமெண்டைக் கரைத்தேன். வாளியும் பிரஷுமாக ஏறி வந்து, அவன் பக்கத்திலிருந்த தூண் கம்பியில் பூச ஆரம்பித்தேன். வெள்ளைச் சட்டையில் நாலு சொட்டுத் தெறித்தது.

"என்ன பண்றே நீ?" மைக்கில் எல்லோருக்கும் கேட்டது.

"நீ பேசு. நான் என் ரூமுக்குப் பூசறேன்."

முன்வரிசையில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். அண்ணன் அம்மாவைப் பார்த்தான். நானும் பார்த்தேன். அவள் வேண்டாமென்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வாளியைக் கீழே வைத்துவிட்டு இறங்கிப் போயிருப்பேன்.

அம்மா எழுந்தாள். நாற்காலியிலிருந்த படத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அதே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அடியில விட்டுட்ட பாரு," என்றாள்.

நான் குனிந்து அடியிலும் பூசினேன்.