பொம்மைக் காலேஜ்

எங்கள் தெருவில் ஒரு காலேஜ் இருக்கிறது. சிரிக்காமல் கேளுங்கள். கீழே துணிக்கடை, மேலே காலேஜ். பலகையில் 'மருத்துவத் துணைப் பணியாளர் பயிற்சிக் கல்லூரி' என்று நீட்டி முழக்கியிருந்தாலும், யாரிடம் வழி கேட்டாலும் "பொம்மைக் காலேஜா?" என்றுதான் திருப்பிக் கேட்பார்கள்.

அந்தப் பெயரைச் சூட்டியவர் துணிக்கடைக்காரர். காலேஜை ஆரம்பித்த சிஸ்டரின் கூடப்பிறந்த தம்பி. சிஸ்டர் பெரிய ஆஸ்பத்திரியில் தலைமை நர்சாக இருந்தவர். நோயாளியிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ஊசி குத்தக்கூடாது என்று பெரிய டாக்டரோடு மல்லுக்கு நின்று, வேலையை உதறிவிட்டு வந்தார். வந்த வேகத்தில் காலேஜ். பழகுவதற்கு நோயாளி வேண்டுமே? மூக்கு உடைந்ததென்று தம்பி ஓரங்கட்டியிருந்த கடைப் பொம்மையைத் தூக்கிக்கொண்டு மேலே போய்விட்டார். புஜத்தில் ஸ்பாஞ்சைக் கட்டிக் கட்டிலில் கிடத்தினார். இடுப்பில் ஊன்றிய கையை மட்டும் யாராலும் அசைக்க முடியவில்லை. படுத்தபடியே சண்டைக்கு வருகிற பேஷன்ட் உலகத்தில் அது ஒன்றுதான்.

காலேஜில் ஒரே சட்டம். கேட்காமல் தொடக்கூடாது. "அம்மா, ஊசி போடப்போறேன், போடட்டுமா?" என்று பொம்மையிடம் கேட்கவேண்டும். மூலையில் நின்று சிஸ்டர் பொம்மைக்காகப் பதில் சொல்வார். சில நாள் "போடும்மா." சில நாள் "போன தடவ போட்டதே இன்னும் வலிக்குது, போ அந்தப் பக்கம்." என் மாடியிலிருந்து எல்லாம் தெரியும். அவர்கள் ஜன்னலுக்குத் திரை போடாதது என் குற்றமா?

அரசு அங்கீகாரம் இருக்கும்வரை மாடி அக்காவுக்கு, போய்விட்டால் தம்பியின் கிடங்குக்கு. அதுதான் அக்கா தம்பிக்குள் பேச்சு. ஆய்வு அதிகாரி வந்த அன்று தம்பி முதல் ஆளாக மேலே போய், அலமாரியை எங்கே வைக்கலாம் என்று சுவரைக் கண்ணால் அளந்துகொண்டிருந்தார். எடுத்த துணியை மாற்ற வந்த சாக்கில் நானும் பின்னாலேயே ஏறினேன்.

"நீங்க வெளிய இருங்கம்மா, பிள்ளைங்க தனியா செய்யட்டும்" என்று சிஸ்டரை அனுப்பிவிட்டு அதிகாரி கதவைச் சாத்தினார். என்னைத் துணிக்கடைக்காரரின் ஆள் என்று நினைத்தாரோ என்னவோ, விரட்டவில்லை.

வாயாடி என்று பெயரெடுத்த மாணவி முன்னால் வந்தாள். கை கழுவினாள். ஊசியில் மருந்தை ஏற்றிக் காற்றை வெளியேற்றினாள். குனிந்து, "அம்மா, ஊசி போடப்போறேன், போடட்டுமா?" என்றாள்.

பதில் இல்லை. பதில் சொல்கிறவர் கதவுக்கு வெளியே. அவள் காத்துக்கொண்டு நின்றாள்.

"என்னம்மா, போடு" என்றார் அதிகாரி.

"பேஷன்ட் இன்னும் சரின்னு சொல்லல சார்."

"அது பொம்மைம்மா."

"நீங்க சொல்லலாம் சார். நாங்க அப்படிச் சொல்லக்கூடாது."

"போடலேன்னா உங்க காலேஜுக்கு அங்கீகாரம் கிடையாது, தெரியுமா?"

ஊசி இறங்கவில்லை. "தெரியும் சார். கேக்காம குத்த மாட்டேன்னுதான் எங்க சிஸ்டர் இருந்த வேலைய விட்டாங்க. இங்கயும் கேக்காமதான் குத்தணும்னா இப்படி ஒரு காலேஜ் எதுக்கு?"

கிடங்கு கைக்கெட்டிய நேரம். தம்பி வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கலாம். அந்த வாய் எந்தக் காலத்தில் மூடியிருந்தது? "சரி, போட்டுத் தொலையேம்மா" என்று எரிந்து விழுந்தார்.

வாயாடி திரும்பினாள். "நீங்க பேஷன்டுக்கு என்ன உறவு?"

"உறவா? அது என் கடைப் பொம்மை. இத்தன வருஷம் உடுத்திவிட்டுப் பாத்துக்கிட்டது நான்தான்."

"அப்ப வீட்டு ஆள்தான். சார், பேஷன்ட் பேசற நிலைமையில இல்ல, சொந்தக்காரர் சம்மதம் குடுத்துட்டாரு." சொல்லி முடிப்பதற்குள் ஊசி ஸ்பாஞ்சில் இறங்கியிருந்தது. "அவ்வளவுதாம்மா, முடிஞ்சுது" என்று பொம்மையின் தோளைத் தடவிக்கொடுத்தாள்.

அதிகாரி முகத்தைக் கடுமையாக வைத்துக்கொள்ளப் பார்த்தார், மீசை ஒத்துழைக்கவில்லை. ஒழுங்கான மருத்துவப் பொம்மை வாங்கவேண்டும் என்ற கண்டிப்போடு அங்கீகாரம் கிடைத்தது.

சிஸ்டர் வாங்கினார். கூடவே பலகையில், நீளப் பெயருக்கு மேலே, அதைவிடப் பெரிய எழுத்தில் 'பொம்மைக் காலேஜ்' என்று எழுதவும் வைத்தார்.

தம்பிக்கு அதைப் பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வந்தது. மேலே ஏறி வந்து, "புதுசு வந்தாச்சுல்லக்கா, என் பொம்மையக் குடுத்துடு" என்றார்.

சிஸ்டர் கட்டிலைக் காட்டினார். "கேட்டுப் பாருடா. வர்றேன்னு சொன்னா கூட்டிட்டுப் போ."

தம்பி கட்டிலருகே போய் நின்றார். பொம்மை இடுப்பிலிருந்து கையை எடுக்கவில்லை.