காரணம் வேறு

இடம் மாற்றித் தரச் சொல்லி அவள் மனு எழுதினாள். ஜன்னல் வெளிச்சம் கண் கூசுகிறது, ஏசி காற்று நேராகத் தலையில் அடிக்கிறது, போதாததற்கு இடுப்பு வலி. மேலாளருக்கு அனுப்பியதும் கணினி அதை 'இருக்கை மாற்றம்' என்ற பிரிவில் போடாமல் 'காரணம் வேறு' என்ற பிரிவில் கொண்டுபோய்ச் சேர்த்தது. அப்படியொரு பிரிவு இருப்பதே அவளுக்குத் தெரியாது.

அலுவலகக் காகிதங்களைத் தானே படித்து, வகை பிரித்து, கேட்டதும் எடுத்துக் கொடுக்கும் ஏற்பாடு அது. பதிவறையில் வருஷக்கணக்காக இருந்தவள் என்பதால் அதற்குப் பாடம் சொல்லிக்கொடுத்ததே அவள்தான். எதை வைத்துப் பிரிக்கிறீர்கள் என்று மென்பொருள்காரர் துருவித் துருவிக் கேட்பார். சொல்வதையெல்லாம் விதியாக எழுதிக்கொள்வார். ஒருநாள் விளையாட்டாகச் சொன்னாள்: "நிஜக் காய்ச்சல்னா ஒரு வரியோட நிறுத்திடுவாங்க சார். மூணு காரணம் எழுதினா, நாலாவது ஒண்ணை முழுங்கிட்டாங்கன்னு அர்த்தம்." அவர் சிரித்துக்கொண்டே அதையும் எழுதிக்கொண்டார்.

'இதைப் போன்றவை' என்ற பொத்தானை அழுத்தினாள். ஏழெட்டு மனுக்கள் வந்து விழுந்தன. வெவ்வேறு வருஷம், வெவ்வேறு ஆட்கள். சிலர் இப்போது வேலையிலேயே இல்லை. தூசி, முழங்கால் வலி, மின்விசிறிச் சத்தம் என்று ஆளுக்கு மூன்று காரணம். எல்லோரும் எழுந்துபோகக் கேட்டது ஒரே இடத்திலிருந்து. இரண்டாவது ஜன்னலுக்குப் பக்கத்தில், சுவருக்கு முதுகு காட்டிய இடம். அவள் இப்போது உட்கார்ந்திருக்கும் இடம்.

அவள் மனுவில் எழுதாமல் முழுங்கிய நாலாவது காரணம் ஒன்று இருந்தது. மதியச் சாப்பாடு முடிந்து எல்லோரும் வேலையில் இருக்கும்போதே, யாரோ பின்னால் நின்று, தோளுக்கு மேலாகக் குனிந்து அவள் திரையைப் படிப்பார்கள். திரும்பினால் சுவர். இதைப் புருஷனிடம்கூட அவள் மூச்சுவிட்டதில்லை.

மேலாளர் கூப்பிட்டார். "மனுவைப் பார்த்தேம்மா. தாராளமா மாறிக்கோங்க. திங்கட்கிழமை சேர்றாங்களே உங்க நாத்தனார், அவங்களை அங்க உட்கார வெச்சிடலாம்."

வாழப்போன வீட்டை விட்டு வந்து, ஒரு வருஷமாக அறைக்குள்ளேயே முடங்கிக் கிடந்தவள் அந்த நாத்தனார். அவளுக்கு இந்த வேலை கிடைக்க இவள் நாலு பேர் காலைப் பிடித்திருந்தாள்.

"வேணாம் சார். அந்த இடமே பழகிடுச்சு."

"இடுப்பு வலின்னு எழுதியிருக்கீங்க?"

"போயிடுச்சு சார்" என்று ஒரு வரியோடு நிறுத்திக்கொண்டாள்.

நாத்தனார் எதிர் மேஜையில் வந்து உட்கார்ந்தாள். இரண்டே நாளில் சிரிப்புச் சத்தம் கேட்டது. பார்க்கப் பார்க்க இவளுக்கு வயிறு குளிர்ந்தது. மூன்றாம் நாள் மதியம், சந்தேகம் கேட்க நாத்தனார் கோப்போடு எழுந்து வந்தாள். இவள் நாற்காலிக்கும் சுவருக்கும் நடுவே இரண்டு பேர் ஜோடியாக நடக்கலாம். அவள் கோப்பை மார்போடு அணைத்து, வயிற்றை எக்கி, ஒருக்களித்து நுழைந்து வந்தாள்.

"ஏண்டி இப்படி ஒடுங்கிக்கிட்டு வர்றே? நேரா வாயேன்."

"இடம் எங்க இருக்கு அண்ணி?" என்றாள், காகிதத்திலிருந்து தலை தூக்காமலே.

இவள் திரும்பிப் பார்க்கவில்லை. நாற்காலியைச் சத்தமில்லாமல் மேஜையோடு ஒட்டி இழுத்துப் போட்டுக்கொண்டாள்.