சீட்டுக்கடியில் புளித்த சரம்

ராம்பைக்கு அன்று ஒரே ஒரு வேலைதான். ஒழுங்காகப் புளித்த பன்றி சாசேஜ் ஒரு சரம் வாங்க வேண்டும். மாலை ஐந்து மணிக்குப் பெட்ரோல் பங்க் வளாகத்தில் கூடும் சந்தையில் அதைச் சுட்டு, அந்தச் சந்தையின் மேனேஜர் சுரச்சாய்க்குத் தின்னக் கொடுக்க வேண்டும். அவருக்குப் பிடித்தால் அங்கே காலியாக இருக்கும் மூலைக்கடை அவளுக்கு. பிடிக்காவிட்டால் சாகும்வரை நாத்தனார் புன்மாவின் அடுப்படிதான்.

புன்மாவும் சாசேஜ் வியாபாரிதான். ஊர்ச் சந்தை வாசலில் முதல் கடை அவளுடையது. இருந்து என்ன? இறைச்சியோடு சோறும் பூண்டும் பிசைந்து, குடலில் அடைத்து, தொங்கவிட்டுத் தானாகப் புளிக்கட்டும் என்று காத்திருக்க அந்த மகராசிக்குப் பொறுமை ஏது! புளிப்புப் பொடியைக் கொட்டி அன்றைக்கே விற்றுவிடுவாள். பஸ் ஸ்டாண்டில் நின்று அதைச் சுடுவது ராம்பை. "இது என்ன கண்றாவி?" என்று கேட்கிறவர்களுக்குப் பல்லைக் காட்டுவதும் ராம்பை. புருஷன் தைவான் ஃபாக்டரியில். குடியிருப்பதோ நாத்தனார் வீட்டில். வாயைத் திறக்க முடியுமா?

புன்மா பார்க்காத நேரமாக ஸ்கூட்டரை ஊர்ச் சந்தை வாசல் மரத்தடியில் விட்டுவிட்டு, மீன்காரிகள் பக்கமாகச் சுற்றிப் பின்வழியே உள்ளே நுழைந்தாள். சொந்தக்காரி கடை இருக்கும்போது அடுத்தவளிடம் வாங்குவது அந்தச் சந்தையில் நடுத்தெருவில் செருப்பால் அடிப்பதற்குச் சமம். முதலில் பார்த்த சரத்தில் பாதி சேமியா. அடுத்தது சர்க்கரைப் பாகு மாதிரி இனித்தது. கடைசி வரிசையில் வன்டீயின் கடை.

"எப்ப சுடப் போற?" என்றாள் வன்டீ, எடுத்த எடுப்பில்.

"அஞ்சு மணிக்கு."

"அப்ப இந்தச் சரத்தை எடுத்துக்க. இப்போ இது பச்சப்புள்ள. இந்த வெக்கையில கிடந்தா சாயங்காலம் சரியா வந்துடும். ராத்திரிக்கு வச்சியோ, வாய் கோணிக்கும்!"

நேற்றுக் கட்டிய சரத்தில் ஒன்றைச் சுட்டு, இஞ்சியும் பச்சைமிளகாயும் வைத்து நீட்டினாள். கடித்ததும் ராம்பைக்கு அழுகையே வந்துவிட்டது. இத்தனை வருஷமாக எதைச் சுட்டுக்கொண்டிருந்தோம்!

வண்டிக்குத் திரும்பி, சரத்தைச் சீட்டுக்கடியில் வைத்து, சாவியைப் போட்டுத் திருகப் போனாள். முதல் கடையிலிருந்து புன்மாவின் குரல் வந்தது.

"ராம்பை! எங்கடி ஊர் சுத்திட்டு வர்ற? வந்து உக்காரு. கல்யாண வீட்டு ஆர்டர் வந்திருக்கு, நூலைப் பிடி."

"அக்கா, எனக்கு ஒரு வேலை…"

"வேலையா? புருஷன் கடல் தாண்டி இருக்கான், உனக்கு என்னடி தனியா வேலை?" பக்கத்துக் கடைக்காரிகள் கொல்லென்று சிரித்தார்கள்.

ராம்பை உட்கார்ந்தாள். புன்மா அடைத்துத் தள்ள, இவள் உருண்டை உருண்டையாக முடிச்சுப் போட்டாள். ஒரு கூடை தீர்ந்தால் இன்னொரு கூடை வந்தது. மரநிழல் நகர்ந்து வெயில் ஸ்கூட்டர் மேல் விழுந்தது. தானும் இந்த நூலில் ஒரு முடிச்சுதான் என்று அவளுக்குத் தோன்றியது. எழுந்து போக வேண்டியதுதானே? கால் வரவில்லை.

புன்மா மூக்கை உறிஞ்சினாள். "என்னடி வாசனை?"

சாவி வண்டியிலேயே தொங்கியது. சீட்டைத் தூக்கியவள் சரத்தை வெளியே எடுத்தாள். தொலைந்தோம் என்று ராம்பை கண்ணை மூடிக்கொண்டாள். ஆனால் புன்மா கத்தவில்லை. ஓர் உருண்டையைச் சுட்டுத் தின்றாள். இன்னொன்றும் தின்றாள்.

"வன்டீயோடதா?"

"ஆமாக்கா."

"யாருக்கு?"

ராம்பை எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். மூலைக்கடை, மேனேஜர், ஐந்து மணி. சொல்லச் சொல்லக் கண்ணீர் வழிந்தது.

"அழுவாதடி, கழுதை. நேரமாச்சு பாரு. வண்டிய எடு, நானும் வர்றேன்."

வழியெல்லாம் புன்மாவின் கை இவள் தோளில் இருந்தது. இத்தனை நாள் இவளைத் தப்பாக நினைத்துவிட்டோமே என்று ராம்பைக்கு வெட்கமாகக்கூட இருந்தது.

கரியடுப்பில் சரம் சரியான பதத்தில் வெடித்தது. சுரச்சாய் ஒன்று தின்றார், இரண்டாவதையும் தின்றார், மூன்றாவதைக் கேட்டு வாங்கினார்.

"இதுதாம்மா சாசேஜ்! கடையை யார் பேர்ல எழுதட்டும்?"

ராம்பை வாயைத் திறந்தாள்.

"புன்மான்னு எழுதுங்க," என்றாள் நாத்தனார். "எல்லாம் நம்ம வீட்டுக் கைப்பக்குவம். இவ என் தம்பி பொண்டாட்டி, அடுப்பை இவ பாத்துப்பா." பிறகு ராம்பையின் காதோரம் குனிந்தாள். "தினமும் வன்டீகிட்ட நீயே போய் வாங்கிட்டு வந்துடு. பின்பக்கமா போ. உனக்குத்தான் பாத்து எடுக்கத் தெரியுது."

"குடுத்து வச்சவம்மா நீ," என்றார் சுரச்சாய். "இப்படி ஒரு நாத்தனார் யாருக்குக் கிடைக்கும்!"

ராம்பை மீதிச் சரத்தைத் திருப்பிப் போட்டாள். கருகினால் அதற்கும் அவளுக்குத்தான் திட்டு விழும்.