கால்ட்விக் குழுவின் முதல் நாற்பது நொடி

மேல்மாடியில் குடியிருக்கும் பிரேம்நாத்தை நான் மூன்று வருஷமாகத் திட்டிக்கொண்டிருந்தேன். ஆள் நல்லவன்தான். இங்கே பர்மாவில், தாமுவே சந்தைக்குள் போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். படிக்கட்டில் என்னைக் கண்டால் ஒதுங்கி வழி விடுவான். ஆனால் கரண்ட் வந்ததும் கிதாரைத் தூக்கிவிடுவான். எங்கள் கட்டிடத்துக்குக் கரண்ட் காலை ஒன்பதிலிருந்து ஒரு மணி வரைதான். அதற்குள் நான் தண்ணீர் ஏற்ற வேண்டும், சோறு வைக்க வேண்டும், துணி தேய்க்க வேண்டும். அந்த நேரம் பார்த்து அவன் தொண்டை கிழியக் கத்துவான். நான் துடைப்பக் கட்டையால் கூரையை இடிப்பேன். ஐந்து நிமிஷம் அடங்கும், மறுபடி ஆரம்பித்துவிடும்.

போன செவ்வாய்க்கிழமை துடைப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டே மாடி ஏறினேன். அன்றைக்கு நடந்ததைச் சொல்வதற்கு முன்னால் என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

அவர் பெயர் இனாயத்துல்லா. கப்பலில் இஞ்சின் ரூம் வேலை. வருஷத்தில் பத்து மாதம் கடலில் கிடப்பார். அந்தக் காலத்தில் எங்கள் தெருவில் கப்பல்காரன் வீட்டுக்கெல்லாம் கடிதம் கேசட்டில்தான் வரும். அவர் பேசிப் பதிவு பண்ணி, ஊருக்குத் திரும்புகிற யாரிடமாவது கொடுத்தனுப்புவார். நான் மூன்று தடவை கேட்பேன். அப்புறம் அதே கேசட்டில், அவர் பேச்சின் மேலேயே என் பதிலைப் பேசி அனுப்பிவிடுவேன். எல்லோரும் அப்படித்தான் செய்தோம். படித்த கடிதத்தைப் பத்திரமாக வைப்போம், கேட்ட கேசட்டை வைக்க வேண்டும் என்று ஒருத்திக்கும் தோன்றவில்லை. இரண்டாயிரத்து ஆறில் அவர் மௌத்தாகிக் கண் மூடியபோது தேடிப் பார்த்தேன். அவர் லீவில் திருப்பிக் கொண்டுவந்து வீட்டில் கிடந்த நாலு கேசட்டிலும் என் குரல்தான் இருந்தது. உளுந்து விலையும் நாத்தனார் சண்டையுமாக நானே பேசிக்கொண்டிருந்தேன். அவர் குரல் ஒரு சொல்கூட மிஞ்சவில்லை. அவ்வளவையும் அழித்தது நான்தான்.

இன்னொன்றும் உண்டு. தொண்ணூற்று மூன்றில் என் மகள் பிறந்தாள். தந்தி அடித்துவிட்டு, அவர் பெயர் சொல்லி அனுப்புவார் என்று காத்திருந்தேன். ஏழாம் நாள் வைக்க வேண்டிய பெயரை நாற்பதாம் நாள் வரை இழுத்தேன். கேசட் வரவே இல்லை. ஆத்திரத்தில் நானே ஜஸீலா என்று வைத்தேன். ஏழு மாதம் கழித்து வந்து வாசலில் நின்றவர், "அனுப்பினேன் ஹாஜரா, நானும் ஜஸீலான்னுதான் சொல்லி அனுப்பினேன்" என்றார். முழுப் புளுகு என்று முகத்துக்கு நேரே சொன்னேன். அதற்கப்புறம் பதின்மூன்று வருஷம், அவர் எதைச் செய்கிறேன் என்று சொன்னாலும், "அந்தக் கேசட் மாதிரியா?" என்று குத்துவேன். அவர் ஒரு தடவைகூடத் திருப்பிப் பேசியதில்லை. நாக்கு எனக்கு அப்போதே நீளம்.

சரி, செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன்.

கதவு திறந்திருந்தது. பிரேம்நாத் கிதாரைத் தொடவில்லை, ஸ்பீக்கர் பக்கத்தில் உட்கார்ந்து எதையோ கேட்டுக்கொண்டிருந்தான். "உனக்கு ஈவிரக்கம் இருக்கா இல்லையா" என்று ஆரம்பித்தேன். அதற்குள் ஸ்பீக்கரிலிருந்து என் வீட்டுக்காரர் என்னைக் கூப்பிட்டார்.

"ஹாஜரா, தந்தி வந்துச்சு. பொம்பளப் புள்ளையாமே. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. கப்பல் இங்க ரிப்பேர்ல கெடக்கு, மழை விடவே மாட்டேங்குது. நீ ஒடம்பப் பாத்துக்க. கரீமா மாமியப் பூண்டுக் கொழம்பு வச்சுத் தரச் சொல்லு, வெக்கப்படாமக் கேளு. புள்ளைக்கு ஷிரின்னு பேரு வை. உனக்குப் புடிக்கலன்னா..."

அவ்வளவுதான். அந்த இடத்தில் பேச்சின் மேல் கிதார் சத்தம் வந்து விழுந்தது.

துடைப்பம் கையிலிருந்து நழுவியது. பிரேம்நாத் பயந்துபோய் என்னை நாற்காலியில் உட்கார வைத்தான். "அன்ட்டி, தண்ணி குடிங்க. என்ன ஆச்சு?"

"இது யாருகிட்ட இருந்து வந்துச்சு? எங்க மச்சான், ஜஸீலா வாப்பா குரல்டா இது."

அவன் வாயைப் பிளந்தான். அவனுக்குப் பர்மாப் பேச்சு சரளம், தமிழ் கொஞ்சம் திக்கும். இரண்டையும் கலந்து ஒருவழியாகச் சொல்லி முடித்தான்.

கால்ட்விக் என்பது நார்வேயில் ஒரு பிளாக் மெட்டல் குழுவாம், முகத்தில் சாயம் பூசிக்கொண்டு சாத்தானைப் பற்றிக் கத்திப் பாடுகிற கூட்டம். தொண்ணூற்று மூன்றில் பெர்கன் துறைமுகத்தில் மூன்று பையன்கள் ஆரம்பித்தது. டிரம்ஸ் அடிப்பவனின் அம்மா மாலுமிகள் விடுதியில் சமையல்காரி. அந்த விடுதியின் நிலவறையில்தான் பயிற்சி. சாப்பாட்டு மேசையில் யாரோ மறந்துவிட்டுப் போன கேசட் ஒன்று மாதக்கணக்காகக் கேட்பாரற்றுக் கிடந்திருக்கிறது. அதில்தான் முதல் பாட்டுகளைப் பதிவு செய்தார்கள். ஆரம்பத்தில் இருந்த பேச்சு அவர்களுக்குப் பிடித்துப்போக, அதை மட்டும் அழிக்காமல் விட்டு, வேகத்தைக் குறைத்து வெளியிட்டிருக்கிறார்கள். பழைய படம் ஒன்றைக் காட்டினான். இங்கே கன்னத்தில் பூசுகிற தனகாப் பட்டைக் குழம்பை, பூசத் தெரியாதவர்கள் பூசிக்கொண்ட மாதிரி மூன்று வெள்ளை முகங்கள்.

"முப்பது வருஷமா உலகம் பூரா இத சாத்தான் மந்திரம்னு நெனச்சாங்க அன்ட்டி. நானும்தான். இன்னிக்குத்தான் அந்த ஒரிஜினல் கேசட்ட அப்படியே வெளியிட்டாங்க. தமிழ் மாதிரி இருக்கேன்னு திரும்பத் திரும்பக் கேட்டுக்கிட்டு இருந்தேன், நீங்க வந்துட்டீங்க."

பூண்டுக் குழம்புக்கு மந்திரம் என்று பெயர். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. பாவி மனுஷன் அனுப்பித்தான் இருக்கிறார். ஊருக்குத் திரும்பிய எவனோ அதை மேசையில் மறந்துவிட்டான்.

அன்றைக்கே பிரேம்நாத் அந்தக் குழுவுக்கு எழுதினான். இரண்டு நாளில் டிரம்ஸ்காரனிடமிருந்து பதில் வந்தது. அவனுக்கும் இப்போது ஐம்பதாகிவிட்டதாம். மிச்சக் கடிதத்தின் மேல் தாங்கள் வாசித்துவிட்டோம், இன்னொருவர் கடிதம் என்று தெரியாது, எப்படி மன்னிப்புக் கேட்பது என்றே தெரியவில்லை என்று உருகி உருகி எழுதியிருந்தான்.

"என்ன எழுதட்டும் அன்ட்டி?" என்றான் பிரேம்நாத்.

"நான் சொல்றத அப்படியே எழுது. தம்பி, மன்னிப்பு எல்லாம் வேணாம். நீங்க நாப்பது நொடியாச்சும் விட்டு வச்சீங்க. அவரக் கட்டினவ நான், ஒண்ணுமே விட்டு வைக்கல. நீங்களும் உங்க புள்ளகுட்டியும் நல்லா இருக்கணும். உங்க அம்மா இருந்தா ஸலாம் சொன்னேன்னு சொல்லுங்க."

எழுதி முடித்துவிட்டு அவன் மூக்கை உறிஞ்சினான்.

வெள்ளிக்கிழமை ஜஸீலா மிங்கலாடோனில் இருக்கும் தன் வீட்டிலிருந்து வந்தாள். வாப்பா இறந்தபோது அவளுக்குப் பதின்மூன்று வயது. அவர் முகம் நினைவிருக்கிறது, குரல் மறந்துவிட்டது என்று எத்தனையோ தடவை சொல்லி அழுதிருக்கிறாள். போனை அவள் காதில் வைத்தேன். நாலு தடவை கேட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"அப்ப வாப்பா எனக்கு ஷிரின்னுதான் வச்சாங்களா? ஜஸீலான்னு சொல்லி அனுப்பினதா உங்ககிட்டச் சொன்னாங்களே?"

"பொய்தான்."

"புடிக்கலன்னான்னு பாதியில நிக்குதே உம்மா. அதுக்கு அப்புறம் என்ன சொல்லியிருப்பாங்க?"

எனக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. ஏழு மாதம் கழித்து, வாசலில் பெட்டியோடு நின்று, நான் கத்திக்கொண்டிருக்கும்போதே மிச்சத்தைச் சொல்லிவிட்டார். நான்தான் புளுகு என்றேன்.

"'உனக்குப் புடிச்சத வை, நானும் அதைத்தான் வச்சேன்னு சொல்லிக்கிறேன்'னு சொல்லியிருப்பாங்க" என்றேன் மகளிடம்.