தெற்கே போகும் புகை

ரூஃபினோவின் சாப்பாட்டு வண்டியிலிருந்து வரும் புகை கலைவதில்லை. சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் தெரு டயர் கடை அடைத்ததும் அதன் வாசலில் வண்டி வந்து நிற்கும், அடுப்பு பற்றும், புகை கூரைக் குழாய் வழியாக ஏறி லாஸ் ஏஞ்சலஸுக்கு மேலே கயிறு மாதிரித் தெற்கே திரும்பும். எல்லை வேலியைத் தாண்டி, ஞாயிறு விடியும்போது மெக்சிகோவில், வஹாகா மலையில் இருக்கும் சான் மெல்ச்சோர் கிராமத்தில், அவன் அம்மா தோமாசாவின் வீட்டு முற்றத்தில் இறங்கும். எல்லைக் காவலர்கள் கொஞ்ச நாள் அண்ணாந்து பார்த்தார்கள். புகையிடம் கேட்க அவர்களிடம் கேள்வி எதுவும் இல்லாததால் விட்டுவிட்டார்கள். சுகாதார ஆய்வாளர் அம்மா ஒருவர் வந்து, கை கழுவும் தொட்டியைப் பார்த்தார், இறைச்சிப் பெட்டிக்குள் கை விட்டுப் பார்த்தார். குழாய் சரியான உயரத்தில் இருக்கிறது, அதற்கு மேல் புகை எங்கே போகிறது என்பது தன் வேலை இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

வண்டி வாங்கியதே ஊருக்காகத்தான். ரூஃபினோ வார நாட்களில் கூரைகளுக்குத் தார் போடுகிறவன். மனைவி ஓடிலியா ஹோட்டலில் அறை சுத்தம் செய்கிறாள். மகள் லிஸ்பெத் இங்கேயே பிறந்தவள். ரூஃபினோவுக்கு இந்த நாட்டில் இருக்க அனுமதிக் காகிதம் கிடையாது. ஊருக்குப் போவதாக இருந்தால் யாரும் தடுக்கப்போவதில்லை, திரும்பி வரத்தான் முடியாது. அதனால் மகள் பிறந்ததிலிருந்து போகாமல் இருந்தான். ஆனால் சான் மெல்ச்சோரில் ஒவ்வொரு ஆண்பிள்ளையும் முறை வரும்போது ஒரு வருஷம் சம்பளமில்லாமல் ஊர் வேலை செய்ய வேண்டும், அவன் எந்தத் தேசத்தில் இருந்தாலும் சரி. அந்த வருஷம் ஊர்க்கூட்டம் ரூஃபினோவைக் கோயில் காவலுக்குப் போட்டது. ஞாயிற்றுக்கிழமை மணி அடிக்க வேண்டும், கோயில் வாசல் பெருக்க வேண்டும். வர முடியாதவன் தன் செலவில் ஆள் வைக்கலாம். இரண்டும் செய்யாவிட்டால் அந்த வீட்டுக்குத் தண்ணீர் கிடையாது, இடுகாட்டில் இடமும் கிடையாது. தோமாசா தன் கணவரின் குழிக்குப் பக்கத்தில் தனக்கென்று விட்டிருந்த துண்டு நிலத்தில் வருஷா வருஷம் செவ்வந்தி நட்டு வந்தவள். அந்த இடம் போய்விடும் என்று அவள் போனில் சொல்லவில்லை. செவ்வந்தி இந்த வருஷம் நல்லா வந்திருக்கு என்று மட்டும் சொன்னாள்.

தார்க் கூலி வாடகைக்கே சரியாக இருந்தது. எனவே பழைய ரொட்டிக் கம்பெனி வண்டி ஒன்றை வாங்கி, பக்கவாட்டில் ஜன்னல் வெட்டி, சனிக்கிழமைகளில் த்லாயுதா விற்க ஆரம்பித்தார்கள். சுளகு அகலத்துக்கு மக்காச்சோள ரொட்டி, அதில் பன்றிக்கொழுப்பின் அடிக்கசடும் கறுப்பு பீன்ஸ் விழுதும் தடவி, நூல் நூலாகப் பிரியும் சீஸ் போட்டு, உப்புக்கண்டத்தோடு கரியில் சுடுவது. முதல் நாள், புது வீட்டுக்குச் செய்கிற மாதிரியே நாலு சக்கரத்துக்கும் சாம்பிராணி காட்டி, தரையில் கொஞ்சம் சாராயம் ஊற்றினான் ரூஃபினோ. அப்படிச் செய்யும்போது இந்த அடுப்பு இன்ன ஊர் அடுப்பு என்று அடுப்பிடம் சொல்வது வழக்கம். அவன் பழக்க தோஷத்தில் சான் மெல்ச்சோர் என்று சொல்லிவிட்டான். ஓடிலியா கவனித்தாள், திருத்த நினைத்தாள், அதற்குள் வரிசையில் ஆள் வந்துவிட்டது.

மறுநாள் அம்மா போன் செய்து, நேற்று கறியைத் தீய விட்டாயே என்றாள். யாரோ பக்கத்து ஊர்க்காரன் சொல்லியிருப்பான் என்று ரூஃபினோ நினைத்தான். அடுத்த வாரம் உப்பு பத்தல என்றாள், அதற்கடுத்த வாரம் மிளகாயை மாத்திட்டியா என்றாள். பிறகு யார் சொல்கிறார்கள் என்று அவன் யோசிப்பதை நிறுத்திவிட்டான். புகை முற்றத்தில் மத்தியானம் வரை நிற்கும். தோமாசா நாற்காலியை அதற்கு நடுவில் போட்டு உட்கார்ந்திருப்பாள். அக்கம்பக்கத்தார் வெறும் ரொட்டியைக் கொண்டுவந்து அதன் கீழ் உட்கார்ந்து தின்றார்கள். கறியோடு தின்றது மாதிரி இருந்தது. இங்கே ரூஃபினோ அம்மாவுக்குப் பிடித்த காய்ந்த மிளகாயைக் கேட்காதவர்களுக்கும் சுட்டுப் போட ஆரம்பித்தான்.

"நீ வர்றவனுக்குச் சுடுறியா, உங்கம்மாவுக்குச் சுடுறியா?" என்றாள் ஓடிலியா.

"ரெண்டு பேருக்கும்தான்."

"அப்ப உங்கம்மாகிட்டயும் காசு வாங்கு."

ஊரில் அவனுக்குப் பதில் மணி அடித்தவன் சித்தப்பா மகன் நபோர். கோடை வந்தபோது, அனுப்பிய சம்பளத்தைச் சேர்த்து வைத்துக்கொண்டு நபோரும் எல்லை தாண்டிவிட்டான். இப்போது எங்கேயோ திராட்சை பறிப்பதாகச் சொல்கிறார்கள். மணி அடிக்க ஆளில்லை. வேறு ஆள் வைக்கலாம் என்றால் ஊரில் மிச்சமிருந்தவர்கள் கிழவர்களும் குழந்தைகளும்தான். ஊர்க்கூட்டம் கூடியது. தலைவர் கிரிஸ்பின் நல்ல மனுஷர், ஆனால் சட்டம் தவறாதவர். தோமாசாவை எழுந்து நிற்கச் சொல்லி, ஆள் எங்கே என்று கேட்டார்.

"ஞாயித்துக்கிழமை தவறாம வர்றானே. போன வாரம் உங்க வீட்டுக்காரி அவனுக்குக் கீழதான உக்காந்து மூணு ரொட்டி தின்னா?"

சிரிப்பு அடங்கப் பொறுத்திருந்து கிரிஸ்பின் கேட்டார்: "புகை மணி அடிக்குமா அக்கா?"

"சொன்னா அடிப்பான். சின்னதுல யாரும் சொல்லாமலே அடிச்சான். நீங்கதான் காதைத் திருகினீங்க."

ஒரு வாரம் பார்ப்போம் என்று முடிவானது. தோமாசா போன் செய்து, "இந்த வாரம் வீட்டுக்கு வராத ராசா, நேரா கோயிலுக்குப் போ" என்றாள். ரூஃபினோ அடுப்பு பற்ற வைக்கும்போது கோயில் என்று சொன்னான். ஞாயிறு காலை புகை அவள் முற்றத்துக்கு மேலே நிற்காமல் போய்க் குன்றேறி, மணிக்கூண்டுக்குள் நுழைந்தது. மணி அடித்தது, கொஞ்சம் வேகமாக, ரூஃபினோ அடிக்கிற மாதிரியே. பிறகு இறங்கிக் கோயில் வாசலைப் பெருக்கியது. கிரிஸ்பின் மூலையில் ஓர் இலை கிடக்கிறது என்றார், புகை திரும்பி வந்து அதையும் தள்ளியது. தண்ணீர் நிற்கவில்லை, இடுகாட்டு இடமும் போகவில்லை. ஆனால் கோயிலுக்குப் படி அதிகம், தோமாசாவின் முழங்கால் ஏறாது. வருஷம் முடியும்வரை அவள் குன்றின் அடியில் நாற்காலி போட்டு, மேலே வேலை செய்யும் மகனைத் தூரத்திலிருந்தே பார்த்தாள். உப்பு எப்படி என்று அவன் கேட்டால், தெரியலையேப்பா என்பாள்.

ஜனவரியில் பொறுப்பு கைமாறியது, அதற்கடுத்த ஞாயிறு புகை வீட்டுக்கே வந்தது. பணத் தேவை முடிந்தும் ரூஃபினோ வண்டியை விற்கவில்லை. வருஷங்கள் போயின. லிஸ்பெத் ஜன்னலில் நின்று ஆர்டர் எடுக்கும் அளவுக்கு வளர்ந்தாள். ஒரு செவ்வாய்க்கிழமை தோமாசா கோழிக்குத் தீனி போட்டுவிட்டு உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை.

அந்த ஊரில் செத்தவர்களை மறுநாளே எடுத்துவிடுவார்கள். தோமாசாவை எடுக்கவில்லை. மகன் வர வேண்டும் என்று கிரிஸ்பின் சொன்னார், பீர்க் கடையிலிருந்து ஐஸ் வந்தது. இங்கே சனிக்கிழமை ஓடிலியா கறுப்புத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு, இன்னிக்கு வண்டி எடுக்க வேண்டாமே என்றாள்.

"எடுக்கணும்," என்றான் ரூஃபினோ. "நான் போகணும்."

யாருக்கும் விற்கவில்லை. இருந்த கறி, மிளகாய், ரொட்டி எல்லாவற்றையும் அடுப்பில் போட்டான். தெருவே கண்ணைக் கசக்கியது. ஊரில் ஞாயிறு காலை பெட்டியைத் தூக்கும்போது முன்பக்க வலது மூலையை யாரும் பிடிக்கவில்லை, அது மகனுடைய இடம். புகை வந்து அங்கே நின்றது. பெட்டி இடுகாடு வரை சாயாமல் போனது, செவ்வந்திக்குப் பக்கத்தில் இறங்கியது.

திங்கட்கிழமை கூரை மேல் ரூஃபினோவால் தார் வாளியை வலது தோளில் ஏற்ற முடியவில்லை. மேஸ்திரி என்ன ஆச்சு என்று கேட்டார். நேத்து கொஞ்சம் கனம் தூக்கினேன் என்றான். அப்ப இடது பக்கம் தூக்கு என்று மேஸ்திரி சொன்னார், அவன் வாளியை மாற்றிக்கொண்டான்.